உரிமையாளரின் கூரை, ஊரவரின் வழி: பேர்ண் நகரில் நடத்தலும் குடியிருத்தலும்

பேர்ண் பழைய நகரில் மழை பெய்யும் நாளிலும் குடையின்றி நடக்கலாம். வீடுகளின் கீழ்த்தளத்தில், தெருவை நோக்கிய வளைவுகளும் தூண்களும் கொண்ட கூரையிட்ட நடைவழிகள் அதற்கு இடந்தருகின்றன. இவற்றை இங்குள்ளோர் ‘லவுபன்’ என்பர். இவற்றின் மொத்த நீளம் ஏறத்தாழ 6 கிலோமீற்றர். நாள்தோறும் இவற்றின் கீழே வேலைக்குச் செல்லும் நம்மவரிற் பலர் அறியாத செய்தி ஒன்று உண்டு. இந்நடைவழிகள் மேலே உள்ள வீடுகளின் உரிமையாளருக்கே சொந்தமானவை. ஆயினும் அவற்றின் ஊடாக நடந்து செல்லும் உரிமை எல்லோருக்கும் உண்டு. உரிமையாளர் தம் விருப்பப்படி அவ்வழியை அடைத்துவிட முடியாது. சட்டம் இதனை வழியுரிமை என அழைக்கும்.

யாழ்ப்பாணத்துச் சங்கடப்படலையை அறிந்தோருக்கு இது புதிதாகத் தோன்றாது. வீட்டாரின் படலைக்கு மேல் வேய்ந்த கூரை, தெருவாற் போவோருக்கும் நிழல் தந்தது. பருத்தித்துறைத் தெருமூடி மடமும் வழிப்போக்கருக்காகத் தெருவின் மேலேயே எழுப்பப்பட்டது. ஒருவருக்கு உரிய கூரையின் கீழ் மற்றவருக்கும் இடம் உண்டு என்னும் எண்ணம் நம் ஊர்களிலும் இருந்தது. பேர்ண் நகரில் அது சட்டமாகவும் நிலைபெற்றுள்ளது.

இந்நகரில் வாடகைக்குக் குடியிருப்போரின் நிலையும் இத்தகையதே. வீடு பிறருக்கு உரியது; அதில் அமைதியாக வாழும் உரிமை குடியிருப்போருக்கு உரியது. அவ்வுரிமைக்கு வழிமுறையும் கால எல்லையும் உண்டு. எனவே இக்கட்டுரை முதலில் நகரை நடந்து அறியவும், பின்னர் அந்நகரின் வீடொன்றில் குறைவின்றிக் குடியிருக்கவும் வேண்டிய செய்திகளைத் தருகின்றது.

நகரை அறிய ஒரு நடை

பேர்ண் நகரை 1191ஆம் ஆண்டில் சேரிங்கன் குலத்துக் கோமகன் 5ஆம் பெர்க்டோல்ட் நிறுவினார். ஆரே ஆறு மூன்று புறமும் வளைந்தோடும் மேட்டுநிலத்தில் நகரம் அமைந்தது. 1405ஆம் ஆண்டின் பெருந்தீயில் மரவீடுகள் பெரும்பாலும் அழிந்தன. அதன் பின்னரே, இன்று நாம் காணும் பசுஞ்சாம்பல் நிற மணற்கல் நகரம் படிப்படியாக எழுந்தது. தெருக்களின் அமைப்பு அன்றிலிருந்து பெரிதும் மாறவில்லை. இக்காரணத்தால் 1983ஆம் ஆண்டில் யுனெஸ்கோ அமைப்பு பழைய நகரை உலக மரபுரிமைச் சின்னமாக ஏற்றது.

1983 என்னும் ஆண்டை நம்மவர் வேறொரு காரணத்தால் மறப்பதில்லை. ஒரு நகரின் வீடுகளைக் காக்க வேண்டும் என உலகம் முடிவு செய்த அதே ஆண்டில், இலங்கைத் தமிழர் பலர் தம் வீடுகளை இழந்தனர். அதனைத் தொடர்ந்த ஆண்டுகளில் சுவிற்சர்லாந்துக்கு வந்தோர் பலர். இந்நகரின் உணவகச் சமையலறைகளிலும் துப்புரவுப் பணிகளிலும் பல்லாண்டுகள் உழைத்தும், ஓய்வு நாளொன்றில் இதனைச் சுற்றிப் பார்த்தறியாத பெற்றோர் இன்றும் நம்மிடையே உள்ளனர். பின்வரும் நடை அவர்களுக்கும், அண்மையில் படிப்புக்காகவோ தொழிலுக்காகவோ வந்தோருக்கும் உரியது. இதற்குக் கட்டணம் இல்லை.

தொடருந்து நிலையத்திலிருந்து கிழக்கு நோக்கி நேரே நடப்பின், கரடிப் பூங்காவை அரை மணி நேர அளவில் அடையலாம். வழியில் முதலில் வருவது பழைய சிறைக்கோபுரம். அதன் வலப்புறம் சற்று விலகினால் நாடாளுமன்றக் கட்டடத்தின் முன்னுள்ள வெளியைக் காணலாம். அங்கே நிலத்திலிருந்து எழும் 26 நீரூற்றுகள் 26 மாநிலங்களைக் குறிப்பன. கோடையில் எல்லா நாட்டுப் பிள்ளைகளும் அவற்றில் நனைந்து விளையாடுவர். உங்கள் பிள்ளைகளும் விளையாடலாம். செவ்வாய், சனி நாட்களில் அவ்விடத்தில் காய்கறிச் சந்தை கூடும்.

தொடர்ந்து செல்லின் சிட்க்ளொக்கே என்னும் மணிக்கூட்டுக் கோபுரம் எதிர்ப்படும். நகரின் முதல் மேற்கு வாயிலாக இருந்த கோபுரம் இது. இதன் வானியற் கடிகாரம் 1530ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஒவ்வொரு மணிக்கும் சில நிமிடங்களுக்கு முன்னரே பாவைகள் அசையத் தொடங்கும். எனவே சற்று முன்னதாகச் சென்று நிற்றல் நன்று. கோபுரத்தின் கீழுள்ள வழியில், சுவரிற் பதித்த நீள அளவுகோல்களையும் பார்க்கலாம். சந்தையில் அளவு குறைத்து விற்றால், வாங்குவோர் எவரும் அங்கே சென்று தாமே அளந்து சரிபார்க்கலாம் என்பதே அவற்றின் பயன்.

அடுத்த தெரு கிராம்காசே. அதன் 49ஆம் இலக்க வீட்டில் 1903 முதல் 1905 வரை வாடகைக்குக் குடியிருந்தவர் அல்பேர்ட் ஐன்ஸ்டீன். ஜேர்மனியிற் பிறந்து, 1901இல் சுவிஸ் குடியுரிமை பெற்று, இந்நகரின் காப்புரிமை அலுவலகத்தில் தொழில்நுட்ப வல்லுநராகப் பணியாற்றிய அவர், சிறப்புச் சார்பியற் கொள்கையை 1905இல் வெளியிட்டார். அவ்வீடு இன்று ஒரு சிறு அருங்காட்சியகம்.

அதற்கப்பால் உள்ள தெருவின் பெயருக்கு நீதித்தெரு என்பது பொருள். அதன் நடுவே 1543ஆம் ஆண்டின் நீதிக் கிணறு உள்ளது. கண்கட்டிய நீதித்தேவி ஒரு கையில் வாளும் மறு கையில் தராசும் ஏந்தி நிற்கிறாள். அவளது காலடியில் போப்பாண்டவர், பேரரசர், சுல்தான், பேர்ண் நகரத் தலைவர் ஆகிய நால்வரின் உருவங்கள் உள்ளன. பிற நாட்டு ஆட்சியாளரோடு தம் சொந்த நகரத் தலைவரையும் நீதியின் கீழே வைத்தமையே இச்சிற்பத்தின் சிறப்பு. தெருவில் இப்போது நிற்பது பிரதியுரு. மூலச் சிற்பம் வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளது. பழைய நகரின் இத்தகைய ஊற்றுக் கிணறுகளின் நீர், அருந்தலாகாது என்னும் அறிவித்தல் இல்லாதவிடத்து, அருந்தத் தக்கது.

திரும்பும் வழியில் மூன்ஸ்டர் பேராலயத்தைக் காண்க. 1421இல் தொடங்கிய அதன் கோபுரம் 1893இலேயே நிறைவுற்றது. ஏறத்தாழ 100 மீற்றர் உயரமுடைய இக்கோபுரம் சுவிற்சர்லாந்தின் ஆலயக் கோபுரங்களில் உயர்ந்தது. நகரின் மேற்கே, யூரோப்பாபிளாட்ஸ் என்னுமிடத்தில் 2014ஆம் ஆண்டு முதல் இயங்கும் சமயங்களின் இல்லத்தில் சைவக் கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் பௌத்த வழிபாட்டிடமும் ஒரே கூரையின் கீழ் உள்ளன. அதுவும் இந்நகர மரபின் தொடர்ச்சியே.

பழைய வீட்டில் குடியிருத்தல்

பழைய நகரின் வீடுகள் புறத்தே கல்லாகத் தோன்றினும், உள்ளே தளங்களும் கூரையும் பெரும்பாலும் மரத்தால் ஆனவை. நகரின் ஏனைய பகுதிகளிலுள்ள பழைய குடியிருப்புகளுக்கும் இது பொருந்தும். எனவே விளக்கையோ கற்பூரத்தையோ ஏற்றிவைத்துவிட்டு வீட்டை விட்டு வெளியே செல்லலாகாது. மாடிப்படி தீ நேரத்தில் அனைவரும் தப்பிச் செல்லும் வழி. வாசலிற் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே செல்வது நம் வழக்கம்; ஆயின் அவற்றை மாடிப்படியில் விட்டுவைக்காது, கதவின் உட்புறத்தில் வைத்தல் வேண்டும். குழந்தை வண்டி, மிதிவண்டி ஆகியவற்றுக்கும் இதுவே விதி.

நாள்தோறும் சமைக்கும் வீட்டில் ஆவி மிகுதி. குளிர்காலத்தில் அது சுவரிற் படிந்து பூஞ்சணம் பிடிக்கும். நாளொன்றுக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் 5 முதல் 10 நிமிடங்கள் சாளரங்களை முழுமையாகத் திறந்து மூடுக. சாளரத்தை நாள் முழுவதும் சரித்து வைப்பதால் வெப்பம் வீணாகுமேயன்றிப் பூஞ்சணம் நீங்காது. அதன் பின்னரும் பூஞ்சணம் தோன்றின், ஒளிப்படங்களுடன் உரிமையாளருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும்.

குறை தீர்க்கப்படவில்லை எனச் சினந்து வாடகையை நிறுத்திவிடுவது பெருந்தவறு. வாடகை தாமதித்தால், உரிமையாளர் குறைந்தது 30 நாள் தவணை அளித்து, அதற்குள்ளும் செலுத்தாவிடின் மேலும் 30 நாள் முன்னறிவித்தலுடன் மாத இறுதியில் ஒப்பந்தத்தை முடிக்கலாம். குறையைத் தீர்க்குமாறு எழுத்தில் தவணை கொடுத்து, வாடகையை வைப்பிலிடப் போவதாக முன்கூட்டியே அறிவித்து, அதன்பின் உரிய அலுவலகத்தில் வைப்பிலிடும் வழியைச் சட்டம் தந்துள்ளது. அவ்வழியை நாடுமுன் சட்ட ஆலோசனை பெறுக.

கூட்டுச் சலவை அறைக்கு முறை வகுத்த அட்டவணை இருக்கும்; நமக்குரிய நாளைப் பயன்படுத்துதலும், முடிந்ததும் அறையைத் துடைத்து வைத்தலும் வேண்டும். இரவு 10 மணிக்குப் பின்னரும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் ஓசை அடக்குக. வீட்டில் விழா நடக்குமாயின் அயலவருக்கு முன்னரே சொல்லுதல் பண்பு. ஆணி அடிப்பதற்கு மேற்பட்ட மாற்றம் எதற்கும், குறிப்பாக வெளிச்சுவரில் அலைவாங்கிக் கிண்ணம் பொருத்துவதற்கு, உரிமையாளரின் எழுத்து மூல இசைவு தேவை.

பதிவுத் தபாலும் 30 நாட்களும்

இவ்வழிகாட்டியின் வாசகர் ஒரேயொரு பகுதியை மட்டும் வாசிக்கக் கூடுமாயின், அது இதுவாக இருத்தல் வேண்டும் என விரும்புகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குடும்பத்தினர் கடிதமொன்றுடன் என்னிடம் வந்தனர். 14 ஆண்டுகள் ஒரே வீட்டில் வாழ்ந்தவர்கள். ஒருநாளும் வாடகை தவறாதவர்கள். கட்டடம் புதுப்பிக்கப்படுவதால் வீட்டை விட்டு வெளியேறுமாறு கடிதம் கூறியது. கணவருக்கு மாலையும் இரவும் சமையலறை வேலை. மனைவி, ஜேர்மன் நன்கறிந்த மூத்த மகள் பாடசாலைச் சுற்றுலாவிலிருந்து வரட்டும் எனக் காத்திருந்தார். மகள் வந்து வாசித்தபோது, அஞ்சிய தாய் அதனைச் சுவாமிப் படத்தின் கீழே வைத்துவிட்டார். என்னிடம் வந்த நாள், கடிதம் கிடைத்ததிலிருந்து 41ஆம் நாள். முறையான படிவத்தின் அடியில் சிறிய எழுத்திலிருந்த ஒரு வரியை நான் அவர்களுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன்: எதிர்ப்போ காலநீடிப்போ கோருவதாயின் 30 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு மேல் மொழிபெயர்ப்பதற்கு எதுவும் இருக்கவில்லை. அவர்கள் வேறு ஊருக்குக் குடிபெயர்ந்தனர். இளைய பிள்ளை நடுவாண்டில் பாடசாலை மாறினான்.

அக்குடும்பத்துக்குக் காலநீடிப்புக் கிடைத்தே இருக்கும் என உறுதி கூற இயலாது. ஆயினும் கேட்கும் உரிமை அவர்களுக்கு இருந்தது. சட்டம் கூறுவன வருமாறு:

1. குடியிருப்பு வீட்டுக்கான முன்னறிவித்தல் காலம் குறைந்தது 3 மாதங்கள். ஒப்பந்தத்தில் அதனிலும் நீண்ட காலம் இருக்கலாம்.

2. உரிமையாளர் மாநிலம் அங்கீகரித்த படிவத்திலேயே அறிவித்தல் தர வேண்டும். திருமணமானோர் வாழும் குடும்ப வீடாயின், ஒப்பந்தத்தில் ஒருவரே கையொப்பமிட்டிருந்தாலும், கணவன் மனைவி இருவருக்கும் தனித்தனியே அனுப்ப வேண்டும். இவை தவறின் அறிவித்தல் செல்லாது. எனினும் செல்லுமா செல்லாதா என நீங்களே முடிவு செய்து வாளாவிருத்தல் கூடாது.

3. அறிவித்தலுக்கான காரணத்தைக் கேட்டறியும் உரிமை உங்களுக்கு உண்டு.

4. அறிவித்தலை எதிர்க்கவோ, குடியிருக்கும் காலத்தை நீடிக்கக் கோரவோ, அறிவித்தல் கிடைத்து 30 நாட்களுக்குள் இணக்கசபைக்கு விண்ணப்பிக்க வேண்டும். குடியிருப்பு வீட்டுக்கு அதிகபட்சம் 4 ஆண்டுகள் வரை நீடிப்பு வழங்கச் சட்டம் இடமளிக்கிறது. குடும்ப நிலை, குடியிருந்த காலம், வேறு வீடு கிடைப்பதில் உள்ள அருமை ஆகியன கருத்திற் கொள்ளப்படும்.

5. வாடகைப் பிணக்குகளுக்கு இணக்கசபை கட்டணம் அறவிடுவதில்லை. அது உரிமையாளருக்கும் குடியிருப்போருக்கும் ஆலோசனையும் வழங்கும். பேர்ண் நகரத்தார் பேர்ண்-மிட்டல்லண்ட் இணக்கசபையை நாட வேண்டும். ஜேர்மனில் ‘ஷ்லிக்டுங்ஸ்பெஹோர்டே’ எனக் கேட்பின் வழிகாட்டுவர்.

கடிதத்தின் தலைப்பில் ‘கூண்டிகுங்’ என்னும் சொல்லைக் கண்டால், அது ஒப்பந்தத்தை முடிக்கும் அறிவித்தல் என அறிக. பதிவுத் தபாலுக்கான சீட்டு உங்கள் பெட்டியில் இடப்பட்டிருந்தால் உடனே சென்று பெற்றுக்கொள்க. தபாலகம் அதனை 7 நாட்கள் வைத்திருக்கும். பெறாது விட்டாலும் கடிதம் கிடைத்ததாகவே சட்டம் கொள்ளும். வாங்காமல் விடுவதால் நாட்கள் மட்டுமே குறையும். கடித உறையையும் எறிந்துவிடாதீர்கள். கிடைத்த நாளை உறையின் மேல் எழுதி வைக்க வேண்டும்.

பெற்றோரின் கடிதங்களைப் பிள்ளைகள் வாசித்துச் சொல்வது நம் குடும்பங்களில் வழமை. அது உதவியே. ஆயின் பன்னிரண்டு வயதுப் பிள்ளை கால எல்லையின் பாரத்தைச் சுமக்கலாகாது. பிள்ளையிடம், ‘இது எங்கிருந்து வந்தது, இதில் ஏதேனும் திகதி உண்டா?’ என்னும் இரு கேள்விகளை மட்டும் கேளுங்கள். திகதி உண்டெனில் அவ்வாரத்துக்குள்ளேயே கடிதத்துடன் ஆலோசனை நிலையமொன்றை நாடுக.

பிணைத்தொகையும் வெளியேறுதலும்

வீட்டுக்கான பிணைத்தொகை 3 மாத வாடகைக்கு மேற்படலாகாது. அது குடியிருப்போர் பெயரிலான வங்கிக் கணக்கில் வைப்பிலிடப்படல் வேண்டும். எவரது கையிலும் பணமாகக் கொடுக்காதீர்கள். வெளியேறிய பின் ஓராண்டுக்குள் உரிமையாளர் சட்டவழியில் கோரிக்கை எதனையும் எழுப்பாவிடின், தொகையை விடுவிக்குமாறு நீங்களே வங்கியைக் கேட்கலாம்.

வீட்டைப் பொறுப்பேற்கும் நாளிலும் ஒப்படைக்கும் நாளிலும் கையளிப்பு அறிக்கை எழுதப்படும். முன்பே இருந்த கீறலும் கறையும் முதல் அறிக்கையில் இடம்பெறாவிடின் இறுதியில் உங்கள் கணக்கில் வந்து சேரும். விளங்காத அறிக்கையில் அவ்விடத்திலேயே கையொப்பமிட வேண்டிய கட்டாயம் இல்லை. மொழி அறிந்த பெரியவர் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுதல் நன்று.

நீங்களே வீட்டை விடுவதாயினும் எழுத்திலும் உரிய காலத்திலும் அறிவிக்க வேண்டும். குடும்ப வீடாயின் கணவன் மனைவி இருவரது கையொப்பமும் தேவை. காலத்துக்கு முன்னர் செல்ல நேரின், அதே நிபந்தனைகளை ஏற்கும், வாடகை செலுத்த வல்ல, ஏற்கத்தக்க வேறொருவரை முன்மொழிந்தால் உங்கள் வாடகைக் கடப்பாடு நீங்கும்.

ஆரே ஆறு

கோடையில் நகரத்தார் ஆரே ஆற்றில் இறங்கி நீரோட்டத்துடன் மிதந்து வருவதைக் காண்பீர்கள். மார்ட்சிலி நீச்சலிடத்துக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. அங்கே குளங்களும் உண்டு. ஆயின் கேணியிலும் குளத்திலும் நீந்திப் பழகியோர் ஆற்றையும் அவ்வாறே எண்ணிவிடலாகாது. ஆரே பனிமலைகளிலிருந்து வரும் குளிர்நீர், ஓட்டமும் வலியது. நன்கு நீந்தத் தெரிந்தோர் மட்டும், தனியே செல்லாது, வழியறிந்த ஒருவருடன் இறங்க வேண்டும். வெளியேறும் படிகளில் சிவப்புக் கைபிடிகள் உள்ளன. முதற்படியைத் தவறவிட்டால் அடுத்ததை நாடலாம் என நினையாது, முன்னரே கரையோரம் வந்துவிடுக. மார்ட்சிலிக்குக் கீழே அணைக்கட்டு உண்டு. காற்றடைத்த பொம்மைகளை நம்பிப் பிள்ளைகளை ஆற்றில் விடாதீர்கள்.

புதிதாக வந்தோர் கவனத்திற்கு

நகருக்கு வந்து 14 நாட்களுக்குள் வதிவோர் பதிவு அலுவலகத்தில் பதிவு செய்க. முகவரி மாறினாலும் 14 நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். 3 மாதங்களுக்குள் அடிப்படை மருத்துவக் காப்புறுதி எடுத்தல் கட்டாயம். அதன் கட்டணம் குடியேறிய நாளிலிருந்தே கணக்கிடப்படும். வீட்டுக் குப்பையைக் கட்டணம் உள்ளடங்கிய நீலப் பையிலிட்டு, உங்கள் பகுதிக்குரிய நாளில் மட்டும் வெளியே வைக்க வேண்டும். அவசர இலக்கங்கள்: காவற்றுறை 117, தீயணைப்பு 118, நோயாளர் ஊர்தி 144, நச்சுப்பொருள் உட்கொண்டால் 145, பொது அவசர அழைப்பு 112.

லவுபன் நடைவழிகள் இன்றுவரை எல்லோருக்கும் திறந்திருக்கின்றன. அங்கே நடக்க எவரிடமும் நாம் இசைவு கேட்பதில்லை, தயங்குவதும் இல்லை. இணக்கசபையின் வாசலும் அவ்வாறே திறந்துள்ளது. அதற்குள் செல்லத் தேவையானவை கடிதமும், அதன் உறையும், 30 நாட்களுக்குள் எடுத்து வைக்கும் ஓர் அடியுமே.